வடக்கே பாலாறு, தெற்கே பொருநை

புது அலுவலகத்துக்கு இடம் பிடித்து, உள்வேலை முடித்து, ஆட்களைக் குடியேற்றுவது என் பிழைப்பு. முன்பு அட்மின் என்றார்கள், இப்போது ஃபெசிலிட்டீஸ் என்கிறார்கள், வேலை அதேதான். ஏசி எத்தனை டன், யூபிஎஸ் எத்தனை கேவிஏ, ஸ்பிரிங்க்ளர் குழாய் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதிலெல்லாம் யாரும் என்னிடம் வாய் திறந்ததில்லை. கோடிக்கணக்கில் போகும் சமாசாரம், "நீங்களே பாத்துக்கோங்க மேடம்" என்ற ஒரு வரியில் முடிந்துவிடும். மீட்டிங் ரூம்களுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அலுவலகமே புலவர் சபையாகிவிடும்.

எண்ணே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் எண் மேல் பிரியம்தான். ஆனால் அது ஆர்க்கிடெக்ட் வரைபடத்திலிருந்து வருகிற எண். அவர் லிஃப்ட் பக்கத்தில் ஆரம்பித்துக் கடிகாரச் சுற்றில் எண்ணிக்கொண்டு போயிருப்பார். குடிவந்த மறு வருஷம் ஒரு ரூமை நடுவில் தடுப்பார்கள். 07 இருந்த இடத்தில் 07ஏ முளைக்கும். அடுத்த வருஷம் இரண்டு ரூமைச் சேர்ப்பார்கள். 11 காணாமல் போகும். போனில் "எட்டு பூஜ்ஜியம் ஏழு" என்று சொன்னால் எதிர்முனையில் "எட்டு பதினேழா?" என்பார்கள். பெயர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கென்று வேறு தொல்லைகள் இருக்கின்றன.

முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஹெச்ஆர் பிரிவின் விருப்பப்படி நற்குணங்களின் பெயர்களை வைத்தோம். நேர்மை, ஒற்றுமை, நம்பிக்கை, பொறுமை. திறப்பு விழாவில் கைதட்டல் பலமாக இருந்தது. திங்கட்கிழமை வேலை ஆரம்பித்ததும் பேச்சு வேறு மாதிரிப் போயிற்று. "நேர்மை இன்னைக்கு ஃபுல்லா கிடையாது." "ஒற்றுமையை ரெண்டாப் பிரிச்சுட்டாங்க." "நம்பிக்கையில ஏசி ஓடல." ஆட்களைக் குறைத்த வருஷத்தில், வேலை போகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்தது நம்பிக்கையில்தான், கதவில் திரை இருந்த ரூம் அது ஒன்றே. அதற்குப் பிறகு குணங்களின் பெயர்களைக் கதவில் எழுதச் சொல்லி யார் வந்தாலும் நான் மறுத்துவிடுகிறேன்.

இன்னொரு இடத்தில் மின்சார ரயில் நிலையங்கள். யோசனை என்னவோ அருமையானதுதான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை வரிசை சென்னைக்காரர்களுக்கு மனப்பாடம். நுங்கம்பாக்கம் தாண்டினால் கோடம்பாக்கம், அப்புறம் மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி. நடைபாதையில் அதே வரிசையில் ரூம்கள் இருந்தால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. ஆனால் இன்டர்வியூவுக்கு வரவேண்டிய பையனுக்குப் போன அழைப்பில் இடம் என்று 'கிண்டி' மட்டும் இருந்தது. அவன் ஒழுங்காகக் கிண்டி ஸ்டேஷனில் இறங்கி, வெளியே நின்று போன் செய்தான். நாங்கள் இருந்தது பெருங்குடியில். அதோடு அந்தத் திட்டத்துக்கு மூச்சு நின்றது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வரிசை தெரிந்த பெயர்கள் என்ற அந்த ஒரு குணத்தை மட்டும் மறக்காமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஓஎம்ஆரில் ஒரு கட்டடத்தின் எட்டாம் மாடியை எடுத்தபோது அந்தப் பழைய கணக்கு எனக்கு உதவியது. இந்த முறை ஓட்டெடுப்பைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலில் யோசனைகளை வாங்கினேன். பொடியன்கள் சூப்பர்ஹீரோக்களைக் கேட்டார்கள். ஒரு குழு உணவு வகைகளைக் கேட்டது. பசி வேளையில் பரோட்டா ரூம் என்று சிரிப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளருடன் ஒப்பந்தம் முறிகிற பேச்சு பரோட்டாவில் நடக்கும்போது சிரிப்பு வராது. லீஸ் ஒன்பது வருஷத்துக்கு. அவ்வளவு காலம் தாங்குகிற நகைச்சுவை என்று எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

தலைவர்கள், கவிஞர்கள், விஞ்ஞானிகள் என்று ஒரு பட்டியலும் வந்தது. அதை நான் தொடவே இல்லை. எங்கள் தலைமுறைக்குப் பேருந்துக் கழகங்களின் பெயர்கள் நினைவிருக்கும்: பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், தீரன் சின்னமலை. 1997-ல் தென்மாவட்டத்தில் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டப்போய்ச் சாதிக் கலவரம் வெடித்தது. கடைசியில் அரசு மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையெல்லாம் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. அரசாங்கத்துக்கே அந்தப் பாடு. மனிதர் பெயரை ஒரு கதவில் வைத்தால், யாருக்குப் பெரிய ரூம், யாருக்கு டாய்லெட் பக்கத்து ரூம் என்ற கேள்வி அன்று மாலையே வரும்.

தமிழ் படித்துவிட்டு டெஸ்டிங்கில் வேலை செய்யும் ஒரு பெண் ஐந்திணையைச் சொன்னாள். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவளே சிரித்துக்கொண்டே விரித்துரைத்தாள்: "அப்ரைசலை மருதத்துல வைங்க மேடம், ஊடல். காத்திருக்கறவங்களுக்கு முல்லை. நோட்டீஸ் பீரியட் ஆளுங்களைப் பாலைக்கு அனுப்புங்க." அந்தத் தளத்தில் பத்து ரூம் இருந்தது, திணை ஐந்துதான். கைக்கிளை, பெருந்திணை என்று இழுத்தால் ஹெச்ஆர் விசாரணையில் போய் முடியும். அரைமனதோடு ஒதுக்கினேன்.

பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல வழிகாட்டிகள் இரண்டும் அலுவலக அலங்காரத்துக்குச் சம்பந்தமில்லாத இடங்களிலிருந்து வந்தவை. எங்கள் நெட்வொர்க் இன்ஜினீயர் ஒன்றைக் காட்டினார். 1990-ல் டான் லைப்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 1178. கம்ப்யூட்டருக்குப் பெயர் வைப்பது எப்படி என்று சில பக்கங்கள். ஏற்கெனவே வேறு பொருளில் புழங்கும் சொல்லை எடுக்காதே, விசித்திர ஸ்பெல்லிங் வேண்டாம், ஒரே வகையைச் சேர்ந்த பெயர்களாகப் பார்த்து வை என்கிறது. கிண்டியில் இறங்கிய பையன் நினைவுக்கு வந்தான்.

இன்னொன்று புயல். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் உருவாகும் புயல்களுக்கு 2004-லிருந்து பெயர் வைக்கிறார்கள். 2020-ல் வெளியான பட்டியலில் 13 நாடுகள் கொடுத்த 169 பெயர்கள். இந்தியா கொடுத்தவற்றில் 'முரசு' உண்டு. அரசியல், மதம், பண்பாடு, பாலினம் எதையும் சுட்டக்கூடாது, யாரையும் புண்படுத்தக்கூடாது, சொல்ல எளிதாக இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. இதைவிடத் தெளிவான விதிகளை எந்த ஆலோசகரும் எனக்குக் கொடுத்ததில்லை. அந்த விதிகளுக்கு அடங்கிய பெயரும் வம்பு செய்யும் என்பதை 2023 டிசம்பரில் ஓஎம்ஆர்க்காரர்கள் எல்லோரும் பார்த்தோம். வந்த புயலின் பெயரை ஆங்கில எழுத்துப்படி வாசித்தவர்கள் மிச்சாங் என்றார்கள், செய்தியில் மிக்ஜாம் என்றார்கள். தண்ணீர் என்னவோ இரண்டு பேர் வீட்டுக்குள்ளும் வந்தது.

கடைசியில் நாங்கள் எடுத்துக்கொண்ட ஆற்றுப் பெயர்கள் யாருடைய மூளையில் முதலில் உதித்தன என்பதில் இன்றும் தகராறு உண்டு. சென்னை ஐஐடியில் படித்த ஒருவர், அங்கே விடுதிகள் காவேரி, நர்மதா, கோதாவரி, அலக்நந்தா என்று ஆறுகளின் பெயரில் இருப்பதைச் சொன்னார். நல்ல முன்னுதாரணம்தான். எனக்குப் பிடித்த காரணம் வேறு. தமிழ்நாட்டு ஆறுகளுக்கு வரிசை இருக்கிறது. வடக்கிலிருந்து எண்ணினால் பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி. எங்கள் தளமோ ஓஎம்ஆரை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடந்தது. ஒரு முனை டைடல் பார்க் திசை, மறு முனை சிறுசேரி திசை. கிழக்கு ஜன்னலில் நின்றால் பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கப்பால் வானம் தெளிந்த நாளில் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரியும். இந்த ஆறுகள் எல்லாமே மேற்கே பிறந்து கிழக்கே கடலுக்கு ஓடுபவை. ஆகவே பெரிய ரூம்கள் கிழக்கு ஜன்னலோரம், பேராறுகள். மேற்குப் பக்கச் சின்ன ரூம்கள் அந்தந்த ஆற்றின் துணையாறுகள். ஃப்ளோர் பிளான் மேல் பென்சிலால் எழுதிப் பார்த்தபோது எதையும் வலிந்து பொருத்த வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டு வரைபடம் தெரிந்த எவரும் எட்டாம் மாடியில் தொலைந்துபோக வழியில்லை.

அதன் பிறகுதான் ஒவ்வொரு பெயராக அடிவாங்கியது.

பாலாற்றுக்கு வடக்கே மூன்று ஆறுகளை விட்டுவிட்டேனே என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். கொசஸ்தலை நீளம், புனேக் கிளையில் இருப்பவர்கள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மீட்டிங் முடிந்துவிடும். கூவத்தை டாய்லெட்டுக்கு வைக்கலாம் என்று ஒரு பையன் ஆரம்பித்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற ஊரிலேயே தேவாரம் பாடப்பெற்ற திருவிற்கோலம் இருக்கிறது என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். ஆனாலும் ரூமுக்கு வைத்தால் கேலி ஓயாது என்று எனக்கே தெரியும், விட்டுவிட்டேன். அடையாறு ஏரியாவின் பெயர் என்பதால் கிண்டிக்கு நேர்ந்த கதிதான் அதற்கும். அதைவிட, அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஒருவர் என் மேஜைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "மேடம், அந்தப் பேர் மட்டும் வேண்டாம்." அவருக்கு முடிச்சூரில் வீடு. 2015 டிசம்பரில் அடையாறு அவர் வீட்டின் முதல் மாடி வரை வந்திருந்தது. நான் காரணம் கேட்கவில்லை, அவரும் அதற்கு மேல் பேசவில்லை.

காவிரிக்கு எதிரே முதலில் பவானி, நொய்யல், அமராவதி. அமராவதி எட்டெழுத்து விதியில் அடிபட்டது, போதாததற்கு ஆந்திரத் தலைநகரம். பவானியை நான் பட்டியலில் வைத்த அன்றே சம்பளப் பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். ஆற்றுப் பெயர்களில் பாதி பெண்களின் பெயர். எங்களிடம் அந்தப் பெயரில் ஒரு பெண் வேலை செய்தாள். 'பவானி மதியம் காலியா', 'பவானியை ரெண்டு மணி நேரத்துக்கு புக் பண்ணிட்டேன்' என்று தினமும் நாலு மெயில் போனால் அந்தப் பெண் எப்படி உட்கார்ந்து வேலை பார்ப்பாள்? பவானியில் வந்து சேரும் மோயார் அந்தக் கதவுக்குப் போயிற்று. காவிரி, வைகை என்று அப்போது எங்களிடம் யாரும் இல்லை. நாளைக்கு ஒரு காவேரி வேலைக்குச் சேர்ந்தால் என்ன செய்வேன் என்று கேட்கிறார்கள். பெரிய ரூம் என்பதால் கேலி குறைவாக இருக்கும் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

நொய்யல் இருக்கட்டும் என்றேன். திருப்பூர்க்காரர் ஒருவர் முகம் சுளித்தார். சாயக்கழிவு ஓடிய காலத்தைப் பார்த்து வளர்ந்தவர். சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் 2011-ல் உத்தரவிட்டபோது அவர் வீட்டில் வருமானமும் நின்றிருக்கிறது. ஆற்றைக் குறை சொல்வதா, உத்தரவைக் குறை சொல்வதா என்று அவருக்கே தெரியவில்லை. "வைங்க மேடம், எங்க ஊர்ப் பேராவது இருக்கட்டும்" என்று கடைசியில் அவரே சொன்னார்.

தென்முனையில் தாமிரபரணி. அந்தப் பெயர் ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து. அதன் பழைய பெயரான பொருநையைத் திருநெல்வேலிக்காரப் பையன் எடுத்துக் கொடுத்தான், ஏழெழுத்தில் அடங்கியது. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தளத்திலேயே பெரிய ரூம், போர்டு ரூம், அந்தத் தென்கிழக்கு மூலையில்தான் இருந்தது. எம்டி பெரிய ரூமுக்குக் காவிரி என்று எதிர்பார்த்தார். காவிரி நடுவில் வந்தாக வேண்டும். அதைத் தெற்கே கொண்டுபோனால் வரிசை போயிற்று, வரிசை போனால் இந்தத் திட்டமே வீண். "சார், தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேரும் வற்றாத ஜீவநதி இதுதான்" என்றேன். 'வற்றாத' என்ற சொல்லைக் கேட்டதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பொருநைக்கு எதிரே அதன் துணையாறு கடனாவை எழுதியிருந்தேன். ஃபைனான்ஸ் மேலாளர் ஒரே ஒரு முறை வாய்விட்டுப் படித்தார்: "பேங்க்காரங்களைக் கூட்டிட்டு 'கடனா'வுக்குப் போகணுமா மேடம்?" சேர்வலார் வந்தது.

இறுதிப் பரீட்சை பேன்ட்ரியில். நாள் முழுக்க ரூம் பெயர்களைக் காதால் கேட்டு அதன்படி நடக்கிறவர்கள் டீ கொண்டுபோகும் அண்ணனும், ஹவுஸ்கீப்பிங் அக்காவும், வாசலில் செக்யூரிட்டியும்தான். மீட்டிங்கில் உட்காருகிறவர்களுக்கு லேப்டாப் வழி காட்டிவிடும். ஆகவே இன்டர்காமில் ஒவ்வொரு பெயராக நான் சொல்ல, டீ அண்ணன் எழுதிக் காட்ட வேண்டும். பாலாற்றின் துணையாறாக வைத்திருந்த பொன்னை முதலிலேயே போனது. தென்பெண்ணையைச் சுருக்கி வைத்த பெண்ணையும் பொன்னையும் இன்டர்காமில் ஒன்றுதான். அந்த இடத்தில் செய்யாறு. "செய்யாறுக்கு நாலு டீ அண்ணே" என்றேன். "செய்ய... ஆறா, நாலா மேடம்?" என்றார். அன்றிலிருந்து எங்கள் தளத்தில் டீ எண்ணிக்கையை முதலில் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் ரூம் பெயரைச் சொல்வது என்று ஏற்பாடு. மோயாரையும் சேர்வலாரையும் றகர உகரம் இல்லாமல் பலகையில் எழுதியதற்கும் அந்த அண்ணன்தான் காரணம். வைகைக்கு எதிரே வைத்த சுருளிக்கு மட்டும் முதல் தடவையிலேயே முழு மார்க்.

ஓட்டெடுப்பு என்றேன் அல்லவா, அதை எழுத்துருவுக்கும் நிறத்துக்கும் வைத்தேன். எல்லோரும் சந்தோஷமாக ஓட்டுப் போட்டார்கள்.

காலண்டரில் ஏற்றும்போது பெங்களூர் அலுவலகத்திலும் ஒரு காவிரி ரூம் இருப்பது தெரிந்தது. அவர்கள் ஆங்கிலத்தில் 'சி' போட்டு எழுதியிருந்தார்கள், நாங்கள் 'கே' போட்டோம். தேடினால் ஒருவருக்குக் கிடைப்பது மற்றவருக்குக் கிடைக்கவில்லை. சிலர் பெங்களூர் ரூமை புக் செய்துவிட்டு எங்கள் கதவைத் தட்டினார்கள். உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பு சொன்ன பிறகும் ஓயாத காவிரி இது என்று இரண்டு ஊரிலும் ஒரே ஜோக். நான் செய்தது சாதாரண வேலை: ஊர், மாடி, பெயர், எத்தனை பேர் உட்காரலாம் என்ற வரிசையில் எல்லா ரூம்களையும் மாற்றி எழுதினேன். 'சென்னை, 8, காவிரி, 12.' அகர வரிசையில் பட்டியல் விரியும்போது ஒரு மாடியின் ரூம்கள் ஒன்றாக நிற்கும், பெயர் தெரியாத புதியவரும் ஆள் கணக்கைப் பார்த்து எடுத்துக்கொள்வார்.

பெயர்ப்பலகை விஷயத்தில் எனக்கு இரண்டு பிடிவாதம். முதல் சில மாதங்களுக்கு வினைல் ஸ்டிக்கர் மட்டும். அக்ரிலிக், ஸ்டீல் எழுத்து எல்லாம் பெயர் நாக்கில் படிந்த பிறகு. வினைலை உரித்தால் போகும், ஸ்டீல் எழுத்தைப் பிடுங்கினால் கண்ணாடியையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாவது, பெயர் கதவில் இருக்கக்கூடாது, கதவுப்பிடிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் பெயர் மறைந்துவிடும். பிரெய்லில் தடவிப் படிக்கிறவர் கதவின் முன்னால் நின்றால், உள்ளிருந்து யாராவது தள்ளும்போது அவர் முகத்தில் படும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. வெண்டர்கள் இன்னும் பிரெய்லைக் கதவின் நடுவில், அதுவும் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டு பில்லோடு வருகிறார்கள்.

எலக்ட்ரிக்கல் டிபி பாக்ஸிலும் ஃபயர் பேனலிலும் ஆர்க்கிடெக்ட் எண்தான் இருக்கிறது, இருக்கும். வைகையில் விளக்கு எரியவில்லை என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னால், "வைகைன்னா எது மேடம், பதினொண்ணா?" என்பார். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் கீழே, சின்ன எழுத்தில், அந்தப் பழைய எண்ணையும் போட்டிருக்கிறோம். அழகு கெடுகிறது என்று டிசைனர் கோபித்துக்கொண்டார். ராத்திரியில் புகை அலாரம் அடித்தால் பேனலில் தெரியும் எண்ணைப் பார்த்து ஓட வேண்டியது டிசைனர் அல்ல, செக்யூரிட்டி என்றேன்.

ஏழாம் மாடியையும் எடுக்கலாமா என்று இப்போது பேச்சு நடக்கிறது. வைகைக்கும் பொருநைக்கும் இடையே குண்டாறும் வைப்பாறும் மிச்சம் இருக்கின்றன. இரண்டிலும் 'ஆறு' இருப்பதால் டீ அண்ணனிடம் முதலில் கேட்க வேண்டும்.